பின் பெட்டியில் இருந்த சோடாப் போத்தல்கள்

என் ஆசை நானாவுக்கு,

அல்லாஹ் உங்கட கப்றுக் குழியை வெளிச்சமாக்கி வைக்கட்டும். இங்கே எல்லோரும் நல்ல சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தலை குழம்பிப்போய் இருக்கிறேன். கேட்கவேண்டிய ஆள் நீங்கள். நீங்களோ கேட்டாலும் சொல்லமுடியாத இடத்தில்.

உங்கட போட்டை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதீர்கள். வலை போட எனக்குத் தெரியாது என்பதால், கண்டக்குழிக்கு டொல்பின் பார்க்க வருகிற ஆட்களை ஏற்றிப்போகிறேன். "புத்தளத்தில லொறி ஓட்டின கைதானே, இதுவும் வரும்" என்று மதினிதான் தைரியம் சொன்னா.

குழப்பம் போட்டைக் கழுவிய அன்றே தொடங்கிவிட்டது. வருகிறவர்களுடைய பைகளை வைக்க இடம் தேடி, முன் இருக்கைக்குக் கீழே ஆணி முடுக்கி அடைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். உள்ளே முழுக்க வெறும் சோடாப் போத்தல்கள்! பிளாஸ்டிக் போத்தல்கள், மூடி இறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக. மதினி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. முகம் அப்படியே கறுத்துப்போயிற்று.

"சீனி வருத்தக்காரனெண்டு நான் நாள் தவறாம குரக்கன் பிட்டு அவிச்சுக் குடுத்தேன். இவரு கடலுக்குப் போய் சோடா குடிச்சிட்டு, போத்தலையும் ஒளிச்சு வெச்சிருக்காரு!"

"மதினி, அப்பிடி இருக்காது..."

"வேற என்னத்துக்கு ஆணி அடிச்சு மூடின? ஜனாஸா எடுக்க முன்னால, இவரு செஞ்ச பிழையெல்லாம் மன்னிச்சேனெண்டு நான் குடுத்த மாப்பு இருக்கே, அது இல்ல. திருப்பி எடுத்துட்டேன்."

நானா, கொடுத்த மாப்பை மனைவி திருப்பி எடுக்கலாமா? எடுத்தால் உங்களுக்கு அங்கே என்ன ஆகும்? பள்ளியில் போய்க் கேட்கவும் வெட்கமாக இருந்தது. போத்தல்களை அள்ளிக் குப்பைக்குக் கொடுத்தேன். எஞ்சின் பக்கம் அதேமாதிரி அடைத்திருந்த பின் பெட்டியையும் திறந்திருப்பேன். அதன் ஆணி துருப்பிடித்து அசையவில்லை. சோம்பலில் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு காலை, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே டொல்பின் கூட்டம் வந்தது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஏறியிருந்தவர்கள் அத்தனை பேரும் எழும்பி ஒரே பக்கம் சாய்ந்தார்கள். போட்டும் சாய்ந்தது. நான் பயந்து, லொறிக்கு பிரேக் போடுவதுபோல எஞ்சினைப் பட்டென்று குறைத்தேன். நாங்கள் நின்றோம், பின்னால் வந்த எங்கட அலை நிற்கவில்லை. எஞ்சின் பூட்டியிருக்கிற தாழ்ந்த பின்பலகைக்கு மேலால் அப்படியே உள்ளே ஏறியது. அள்ளி ஊற்ற வாளியை எடுக்க முன்னரே அடுத்ததும் ஏறிவிட்டது.

முன்பக்கம் முங்கியது. ஆனால் எஞ்சின் பாரம் இருக்கிற பின்பக்கம் முங்கவில்லை, நானா! எல்லோரும் மிதவை அங்கி போட்டிருந்தார்கள். பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். கலிமாச் சொல்லிக்கொண்டே, இது எப்படி மிதக்கிறது என்றும் யோசித்தேன். அந்த நேரத்திலும் குழப்பம்தான்.

உங்கட கூட்டாளி அன்ரன் அண்ணன் தன் போட்டில் வந்து எங்களை ஏற்றினார். முங்கிய முன்பக்கத்தைப் பார்த்ததும் கத்தினார்.

"முன் பெட்டிக்குள்ள இருந்த போத்தலெல்லாம் எங்கயடா?"

"குப்பைக்குப் போட்டுட்டேன் அண்ணன்."

"மடையா! மிதக்க வெச்சிருந்த ஸ்பொஞ்சு தண்ணி ஊறிப்போச்செண்டு அதைப் பிடுங்கிப்போட்டு உன்ட நானா போத்தல் அடைச்சவர். பெட்டிக்குள்ள காத்து அடைச்சு நிண்டாத்தானே போட் மிதக்கும். பின்னுக்கு இருக்கிறதுதான் இப்ப உங்களத் தூக்கிப் பிடிச்சது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களைப் பற்றி நாங்கள் என்னவெல்லாம் பேசினோம்! அவர் கயிறு கட்டி இழுத்த போட் கரைக்கு வந்ததும் வராததுமாக மதினியைக் கூப்பிட்டு, துருப்பிடித்த ஆணியை உடைத்துப் பின் பெட்டியைத் திறந்தேன். அதிலும் சோடாப் போத்தல்கள்தான்; ஒன்றுக்குள்ளும் துளித் தண்ணீர் இல்லை. ஒவ்வொரு மூடியையும் சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றி இறுக்கியிருந்தீர்கள். மதினி ஒவ்வொன்றாக எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தா.

அடியில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. டியூப் சுற்றவில்லை. பாதிவரை ஒரேஞ் சோடா.

மதினி அதை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தா. என்னையும் பார்த்தா.

"இதுவும் மிதக்கிறதுக்கா தம்பி?"

நீங்களே சொல்லுங்கள் நானா, மற்றதெல்லாம் யார் குடித்தது? கல்யாண வீடுகளில் பொறுக்கினீர்களா? அன்ரன் அண்ணனைக் கேட்டால் கடலைப் பார்த்துச் சிரிக்கிறார். பாரம் தாங்கப் போத்தல் தேடினீர்களா, போத்தலுக்கு ஒரு காரணம் தேடினீர்களா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மதினி சோடாவை மணலில் ஊற்றினா. கிணற்றடிக்குப் போய்ப் போத்தலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மூடியை இறுக்கி டியூப் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் தந்தா.

"முன் பெட்டியில வை. போட்டைப் பாத்து ஓட்டு." பிறகு, "மாப்புக் குடுத்துட்டேன். இனி எடுக்க மாட்டேன்" என்றா.

முன் பெட்டியை மறுபடி நிரப்பிவிட்டேன் நானா. எஞ்சினை மெல்ல மெல்லக் குறைப்பேன். ஆட்களை இரண்டு பக்கமும் சமமாக இருத்துவேன். டொல்பின் அல்ல, திமிங்கிலமே வந்தாலும் எழும்ப விடமாட்டேன். உங்கட அந்தப் போத்தலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, நானே ஆணி முடுக்கியிருக்கிறேன். இனி யார் கேட்டாலும் அது மிதக்கத்தான்.

உங்கட கூடப்பிறந்த தம்பி,
றியாஸ்