ஊதாமரத்து உலக்கை

மார்ச் 4
பத்து மாதம் கழித்து என் புருஷன் டோசு இன்று படகிலிருந்து இறங்கினான். தங்கச் சுரங்க முகாமுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாத மனிதன், காலையில் மீன் பிடிக்கப் போனவன் மாதிரி சிரிக்கிறான். கையில் துணி சுற்றிய உலக்கை. எனக்காகப் போன வருஷமே செதுக்கியதாம். புருஷன் செதுக்கித் தந்ததில் நெல் குத்தினால் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டேன் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அவன் தங்கை வீட்டில் தங்கட்டும்.

மார்ச் 5
துணியைப் பிரித்தேன். ஊதாமரம்தான், ஆனால் வெளிறிய பழுப்பு. அறுத்த புதிதில்தான் அப்படி இருக்கும். வெளிச்சம் பட்டால் சில நாளில் ஊதா ஏறிவிடும். போன வருஷத்து உலக்கை எப்படிப் பழுப்பாக இருக்கும்? யாருகிட்ட கதை விடுறான்? எங்க வீட்டுத் தூணே இந்த மரம்தானே, எனக்குத் தெரியாதா? அவசரமா ஒண்ணைச் செதுக்கி எடுத்துட்டு வந்து— பத்து மாசமா எவ நினைப்புல இருந்தான்?

திரும்பச் சுற்றி மூலையில் போட்டேன்.

மார்ச் 6
வாசலுக்கு வந்தான். வாயைத் திறக்கும் முன்பே கதவைச் சாத்தினேன்.

மார்ச் 7
நாத்தனார் ஆகூபா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரு வீட்டுப் பெரியவர்களும் வந்து, சேர்ந்து வாழப்போகிறேனா என்று கேட்பார்களாம். பிரிவுதான், அந்த உலக்கைக் கதையே பொய் என்றேன்.

"பொய் சொல்லணும்னா மெத்துனு இருக்குற மரமா எடுத்திருப்பான் அண்ணி. இதுல உளி நாலு தடவை மழுங்கும். எங்க அண்ணன் அவ்வளவு உழைப்பாளியா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 9
திருப்பிக் கொடுக்கத்தான் உலக்கையை எடுத்தேன். பூவேலையின் பள்ளங்களைப் பார்த்தேன். உள்ளே கருத்த ஊதா! பழைய செதுக்கல்தான்; மேல்பரப்பை மட்டும் புதிதாக இழைத்திருக்கிறான். நேரே போய் டோசுவிடமே கேட்டேன்.

"போன மழைக்காலத்துல வழுக்கி உன் மணிக்கட்டு ஒடிஞ்சதுன்னு படகுக்காரன் இப்பத்தான் சொன்னான். இது இரும்புக் கனம். சுத்திலும் இழைச்சு மெலிசாக்கி, அப்படியே கெளம்பிட்டேன்."

அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? நான் பேசவிட்டால்தானே. பத்து மாதம் ஏன் சேதி இல்லை?

"தங்கம் கெடைக்கலை. வெறுங்கையன் என்னத்தைச் சொல்லி அனுப்ப?"

முட்டாள். என் முட்டாள். கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் அவனை விட்டுவிட எனக்கு மனசில்லை.

மார்ச் 10
பெரியவர்கள் கரையேறியபோது நானும் டோசுவும் ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தோம். என் மாமா வாயைத் திறந்தார், என் கையிலிருந்த ஊதாமரத்து உலக்கையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு, சோறு எப்போது ஆகும் என்று மட்டும் கேட்டார்.