செம்புக் கம்பி சுற்றாதீர்கள்

ஏங்க,

நீங்கள் கண்ணயர்ந்தால் கத்துகிற சர்க்யூட் போர்டை வண்டியில் மறுபடி மாட்டிவிட்டேன். போன தடவை ஃபியூஸ் போனதும் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டினீர்களே, அதில்தான் எல்லாம் கருகியது. இப்போது பேட்டரிக்குப் பக்கத்திலேயே சின்ன ஃபியூஸ், அதற்கப்புறம் பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைக்கும் கன்வெர்ட்டர். ஃபியூஸ் போனால் எங்கோ ஒயர் உரசுகிறது என்று அர்த்தம். வண்டியை ஓரங்கட்டி எனக்குப் போன் போடுங்கள்.

களி மூடி வைத்திருக்கிறேன். கோபத்தோடு சாப்பிட்டாலும் இறங்கும்.

மாதேஸ்வரி

பி.கு.: வண்டிச் சாவியைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது. மண்டியில் பேசித் தக்காளி லோடைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டேன். கடைக்காரர் மகளான என்னிடம் பேசி அவர்களா ஜெயிப்பார்கள்? நான் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை தூங்குங்கள். சூளகிரியில் கண்ணயர்ந்து லாரியில் மோதாமல் தப்பித்தது ஒரு தடவைதான். போர்டு நன்றாகக் கத்தும். அது கத்தவே வேண்டாம்.