தொண்ணூறைக் கூட்டிய கை

மார்ச் 4, 09:10
குறுங்கோள் நிலையம். இதைக் கண்டெடுப்பவர் எழுந்து நின்று வாசிக்கவும்; எழுதுவது அண்டசராசரத்துக் கடிகாரங்களை எல்லாம் கட்டி மேய்க்கும் குற்றாலிங்கம். காற்று சரி. மின்சாரம் சரி. தேநீர் மட்டம். அக்காள் மகள் இசக்கியம்மாள், எங்கள் விமானி, உறக்கப் பெட்டியில் ஏழு மாதமாகக் கும்பகர்ணனைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை, ஏழாம் தேதி, 10:40-க்குப் பெட்டி தானே திறக்கும்.

மார்ச் 5, 11:00
பூமியிலிருந்து அக்காளின் ஒலிச்செய்தி: "ஏலே, வெள்ளிக்கெழம அந்நேரம் ராகு காலம்லா? ஒன்றர மணி நேரம் தள்ளிப் போட்டா ஒன் கிரீடம் எறங்கிருமோ?"
இறங்காது. தரவுத்தளத்தில் எழுப்பும் நேரத்தோடு 90 கூட்டினேன். ஒரே வரி. பிரம்மனே கைதட்டியிருப்பான்.

மார்ச் 5, 11:20
நிமிடம் என்று குறிக்க மறந்தேன். வெறும் எண்ணை இந்தத் தரவுத்தளம் நாளாக எடுத்துக்கொள்ளும். எழுப்பும் நேரம் இப்போது ஜூன் 5. பெட்டியில் ஊட்டநீர் மார்ச் 9 இரவு வரைதான்.
ஒருமுறை மாற்றியதை மறுபடி மாற்ற இரண்டு பேர் கைரேகை வேண்டும். இரண்டாவது கை உள்ளே தூங்குகிறது. நேரம் வராமல் பெட்டியை வெளியிலிருந்து திறக்கவும் வழியில்லை.

மார்ச் 6, 08:00
சூரியப் புயலில் தேதி கெட்டது என்று பூமிக்குச் சொன்னேன். சக்கரவர்த்திக்குக் கூச்சம். கட்டுப்பாட்டு அறை அருமைநாயகம்: "அண்ணாச்சி, பயப்படாதீய. புயல்னா மொத்த மெஷினையும் சோதிச்சிட்டுத்தான் கைவைக்கணும். ஆரம்பிச்சாச்சு."

மார்ச் 8, 19:30
தூங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.
"அண்ணாச்சி... மொதல்லயே சொல்லியிருந்தா இங்கேருந்தே பத்து நிமிசத்துல மாத்திருப்போம். சோதனைய நடுவுல நிறுத்த முடியாது. பதினொண்ணாந்தேதி ஆயிரும்."
அவருக்குப் பின்னால் ஒரு பெண் அழுதாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

மார்ச் 9, 17:04
நிலையக் கடிகாரத்தைத் திருத்த ஒரு கை போதும்; அதன் பலகை என் அறையில்தான். 90 நாள் கூட்டினால், ஜூன் 5 தாண்டிவிட்டது என்று பெட்டி திறக்கும். ஆனால் என் பணிக்காலம் மே 10 வரை. அதைத் தாண்டினால், ஆள் போய்விட்டான் என்று என் அறை பூட்டிக்கொள்ளும், காற்று நிற்கும், கடிகாரமும் என் கைக்குப் பணியாது. அறையில் மிஞ்சுவது இருபது நிமிடக் காற்று. வெளியிலிருந்து கதவைத் திறக்க அவள்தான் வரவேண்டும்; அவள் எழுந்து நடக்க ஒரு மணி நேரம் ஆகும்.
இந்த முறை அலகை மூன்று தடவை பார்த்தேன். நாள்.

ஜூன் 7, 17:05
திறந்தது. இருமுகிறாள்.

ஜூன் 7, 17:19
ஒலிபெருக்கியில் அவள்: "மாமா, எங்க இருக்கீய? பசிக்கி."
பக்கத்தில் கஞ்சிப் பை இருக்கிறது, குடி, வேலை முடித்து வருகிறேன் என்றேன்.
இன்னொரு பொய்.

ஜூன் 7, 17:24
குடிக்கிற சத்தம் கே