பித்தளை இடுக்கியும் ஒரு காந்த வளையமும்

அன்புள்ள அக்கா,

இன்று ஆய்வக மேசையின் இழுப்பறையைத் துடைத்தபோது உங்கள் பித்தளை இடுக்கி கையில் தட்டுப்பட்டது. கழுவிக் கழுவி அதன் பொருத்து வெளுத்துவிட்டது. இருந்தும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு முறை பார்த்ததை நம்பும் வழக்கம் உங்களோடு பழகியபின் என்னிடம் இல்லை.

இடுக்கி மாவட்டத்து உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பு நின்றபின் நூல்களைத் தானே பயின்று இயற்பியல் கற்றவள் நான். நான் ஆய்வக உதவியாளராயிருக்கும் நம் கல்லூரியில் காந்தமானியை என்னினும் செவ்வனே இயக்குவோர் எவருமிலர். தற்பெருமையென்று கொள்வோர் கொள்க. நீங்களோ கொழிஞ்சாம்பாறை விவசாயக் குடும்பத்திலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்தவர். துத்தநாக ஆக்சைடு மென்படலத்தினுள் கோபால்ட் அயனிகளை விசையோடு செலுத்திப் பதித்தால், காந்தமல்லாத அப்படலம் அறை வெப்பத்திலேயே காந்தமாகுமா? அந்த ஒரு வினாவின்மேல்தான் உங்கள் ஆய்வேடு நின்றது.

காந்தத்தின் கையொப்பமாகிய வளையம் திரையில் விரிந்த அன்று நெறியாளர் இனிப்பு வரவழைத்தார். நீங்கள் தொடவில்லை.

"பொகை வருது அம்மிணி. அடுப்பு யாரூட்டுதுன்னு பாக்கோணுமல்ல?"

அயனி பதிக்காத வெறும் படலத்தை அளக்கச் சொன்னீர்கள். அதிலும் வளையம்! உங்கள் பார்வை என் விரல்களுக்குத் திரும்பியது.

"என்னையவா சந்தேகப்படுதீக? இரும்பே ஆகாதுன்னு நீங்க வாங்குன பித்தளை இடுக்கியாலதான எடுத்தேன்!"

"இடுக்கிக்காரி இடுக்கியப் புடிச்சா குத்தமில்லீன்னு எந்தப் பொஸ்தகத்துல படிச்ச? உன்ற கையையுந்தான், என்ற கையையுந்தான் சந்தேகப்படறேன்."

சினத்தோடு இடுக்கியை உங்கள் முன் நீட்டினேன். இரு முனைகளும் சேரும் பொருத்தில் ஒரு சிவப்புக் கோடு. ஆயுத பூஜையன்று கருவிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் இட்டவர் நீங்கள்; வீட்டில் ஏருக்கு இடுவதுபோல் இடுக்கிக்கும் இட்டிருந்தீர்கள். மலிவான குங்குமத்தில் செங்காவி கலந்திருக்கும். காவியோ இரும்பின் ஆக்சைடு. தூய கண்ணாடித் துண்டொன்றை அதே இடுக்கியால் எடுத்து அளந்தோம். வளையம். இடுக்கியைக் கழுவி வேறொரு துண்டை எடுத்து அளந்தோம். வெறும் நேர்கோடு.

அயனி பதித்த புதிய படலத்தில் எஞ்சியது, உண்டோ இல்லையோ எனத்தக்க ஒரு சிறு வளையம். 'ஐயத்துக்குரியது' என்றே எழுதினீர்கள். நெறியாளர் முகம் சுளித்தார், பட்டம் தள்ளிப்போயிற்று, நோய் முந்திக்கொண்டது.

இப்போது வளையத்தோடு ஓடிவரும் ஆய்வாளர்களை நான் வாழ்த்துவதில்லை. "வெறும் படலத்த அளந்தீகளா?" என்கிறேன். முதுகுக்குப் பின்னால் எனக்குச் 'சந்தேகத் தாயார்' என்று பெயராம்.

உங்கள் நினைவையும் அவ்வாறே சோதிக்கிறேன். அச்சிவப்பைக் கண்டதும், "களவாணி நாந்தானா!" என்று நீங்கள் வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு நினைவு. மெய்யாகவே சிரித்தீர்களா, அன்றி உங்கள் மறைவுக்குப்பின் என் மனம் இட்டுக்கொண்ட குங்குமமா அது? அறியேன்.

அந்த ஒன்றை மட்டும் நான் கழுவிப் பார்ப்பதாக இல்லை.