இருநூறு பேருக்குப் பல்வலி

ஸ்பிரிங்வெளி,
பதுளை.

அன்பு மகள் கலாராணிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் தினமும் சண்டை பிடிக்கும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், நீயும் அந்த மெல்பன் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மாரியம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். நீ எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவர் கதையை அவர் முன்னாலேயே எப்படிச் சொல்வது. என் கையெழுத்தை அவரால் வாசிக்க முடியாது.

போன வருடத் திருவிழா அன்னதானத்தில் அவர் ஆக்கிய தயிர்சாதம் தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேரைக் கக்கூசுக்கு ஓட வைத்தது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் கோயில் சமையலுக்குக் கரண்டி பிடித்த மனுசன், அதன் பிறகு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துப் பக்கம் போனாலே ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்காட்டிச் சிரித்தார்கள். இந்த வருடம் பதுளைக் கடையில் சாப்பாடு எடுப்போம் என்றார் தோட்டத் தலைவர் தயாபரன். அப்பா கெஞ்சி ஒரே ஒரு தடவை வாங்கினார். இதுவும் பிழையாய்ப் போனால் கரண்டியைக் கீழே வைக்கவேண்டும் என்று பேச்சு.

அந்த நேரம் பார்த்துத்தானா நீ உன் ஆராய்ச்சியை எடுத்துவிட வேண்டும். கராம்பு, கறுவாப்பட்டை, ஓமம் இவற்றின் எண்ணெய் சாப்பாட்டுக் கிருமியைக் கொல்லும் என்றாய். ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டில் நன்றாகக் கொல்லும், சோற்றில் கலந்தால் அவ்வளவு பலிக்காது, நிறைய ஊற்றினால் வாயில் வைக்க முடியாது என்றும் சொன்னாய். அப்பாவுக்கு முதல் பாதிதான் கேட்டது. மறுநாளே பஸ் ஏறி, புஹாரி நானாவின் நாட்டு மருந்துக் கடையில் கராம்பு எண்ணெய் ஆறு போத்தல் கேட்டிருக்கிறார். ஒரு சொட்டு போதுமே, வீட்டில் எத்தனை பேருக்குப் பல்வலி என்று நானா கேட்டதற்கு, இருநூறு பேருக்கு என்றாராம். இதெல்லாம் நானா சொல்லிப் பிறகுதான் எனக்குத் தெரியும்.

நான் போனைக் குசினிக்குக் கொண்டுபோனபோது நீ சொன்னது வேறு. "அம்மா, சோத்த மொத நாளு அந்தியிலேயே ஆக்கி அண்டாவுல மூடி வைக்கிறாங்கல்ல, அதுதான் வினை" என்றாய். காலையில் கரகத்தோடு போகவேண்டும் என்று வருடா வருடம் அப்படித்தானே செய்கிறார். சொன்னால் கேட்கிற ஆளா. திருவிழாவுக்கு முதல் நாள், அரிசி வைத்திருக்கும் கோயில் களஞ்சியச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அந்தி முழுக்கத் தேடினார், பூசாரியைத் திட்டினார், கடைசியில் மாரியம்மாவையும் திட்டினார். விடிந்ததும் பூக்கூடைக்குள் கிடந்ததென்று எடுத்துக் கொடுத்தேன். கரகத்தை விட்டுவிட்டு அடுப்படியில் நின்றார். சோறு அப்போதுதான் வெந்தது, தாம்பாளங்களில் பரப்பி ஆறவிட்டு, தயிர் ஊற்றிக் கையோடு பரிமாறினோம். அவர் போத்தல்களைக் கவிழ்த்ததை நான் காணவில்லை.

இரண்டு வாய் உள்ளே போனதும் பந்தியே அமைதியானது. எல்லாருக்கும் நாக்கு மரத்துவிட்டது. அடுத்த வருடம் கடைச் சாப்பாடுதான் என்று அறிவிக்க எழுந்த தலைவருக்கு வாயிலிருந்து எச்சிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. அவர் பேச்சு அவ்வளவு சுருக்கமாக முடிந்தது அன்றுதான், ஆட்கள் கைதட்டினார்கள். ஆனால் ஒருவருக்கும் வயிறு புரளவில்லை. உன் அப்பா இப்போது எண்ணெய் மகிமையை லயம் லயமாகச் சொல்லித் திரிகிறார், அடுத்து கறுவா எண்ணெயாம்.

ஆனால் மகள், அவர் யாருக்கும் பரிமாற விடாமல் முதல் தட்டைத் தான்தான் சாப்பிட்டார். அப்போதே தெரியவில்லையா என்று அந்திக்குத் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன். "மொத வாயிலேயே நாக்கு மரத்துப்போச்சு புள்ள. எண்ணெயின்னு தோணல, பயத்துலதான்னு நெனச்சேன்" என்றார். விழுந்து விழுந்து சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. ஒரு வருடமாக அந்தப் பயத்தோடு என் பக்கத்தில் இருந்திருக்கிறார், நானும் மற்றவர்களோடு சேர்ந்து கேலிதான் செய்திருக்கிறேன்.

அதனால் அவர் பீற்றிக்கொண்டு போன் எடுத்தால், கராம்பு எண்ணெய் நல்லதுதான் அப்பா என்று சொல்லு, அது பொய்யில்லையே. சொட்டுக் கணக்கு என்பதை மட்டும் இரண்டு தரம் அழுத்திச் சொல்லு. சாவிக் கதையை வாய் திறக்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொள், உன் படிப்பு நல்லபடி முடிய அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. அடுத்த வருடமும் அப்பாதான் சமையல் என்று கோயிலில் முடிவாகிவிட்டது. அன்று பாத்திரம் கழுவி வைத்த கையோடு சாவியை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டேன், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

உன் அம்மா,
ஜெயலெட்சுமி