மாதா படம் வைக்காத கவர்

ஆகஸ்ட் 27, புதன்

ரூத் அம்மாவுக்கு யூதப் புத்தாண்டு வாழ்த்து அட்டையை இன்று அனுப்பிவிட்டேன். இஸ்ரேலில் அவர் வீட்டிலேயே தங்கி ஆறு வருடம் அவரைப் பார்த்துக்கொண்டவள் நான். பண்டிகைக்கு முன்பே அட்டை கைக்குப் போய்ச் சேர வேண்டும், அதுதான் மரியாதை. புதுக்கோட்டைக் கடைகளில் அதற்கு அட்டை ஏது? அந்தப் பண்டிகைக்கு அவர்கள் சாப்பிடும் ஆப்பிளையும் தேனையும் நானே அட்டையில் வரைந்தேன்.

கவரை ஒட்டப் போனால் உள்ளே ஒரு மாதா படம். என் நாத்தனார் வேலை. எங்கள் வீட்டிலிருந்து எந்தக் கடிதம் போனாலும் ஒரு படம் வைத்துவிடுவார். வெளியே எடுத்தேன்.

"எடுக்காத செல்வி, மாதா கோவிச்சுக்குவாங்க."

"அவுங்க பண்டிகைக்கு நம்ம படம் எதுக்கு மதினி? ஆறு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு கார்டு குடுத்தாங்க. ஒண்ணுலயாச்சும் அவுங்க சாமியத் திணிச்சாங்களா?"

அதற்குப் பிறகு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். அடுத்த வருடம் வைத்தாலும் எடுப்பேன்.

படம் இப்போது இந்த நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதாவும் யூத வீட்டுப் பெண்தானே. சின்ன வயதில் இதே பண்டிகையைக் கொண்டாடியிருப்பார். காலையில் மதினியிடம் இதைச் சொல்லத்தான் போகிறேன். யாருக்குக் கோபம் வருகிறது என்று பார்ப்போம்.