வேலிக்குள் பொதுக்கிணறு

றொமிலாவின் அப்பாவுக்கு,

ஞாயிறு பூசை முடிய, பங்கு மண்டபத்தில் உங்கள் பூட்டனாருக்கு விழா எடுக்கிறீர்களாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டசபையில் அவர் ஊருக்குப் பொதுக்கிணறு கேட்ட பேச்சை நம் மகள் வாசிக்க வேண்டுமாம்.

கேட்டவர்தான். கிணறும் வந்தது. அதை வெட்டியது உங்கள் வேலிக்குள். உங்கள் வீட்டார் யாராவது அள்ளி ஊற்றும்வரை என் ஆட்கள் படலைக்கு வெளியே குடத்தோடு நின்றார்கள்.

"இது லண்டன், அதெல்லாம் பழங்கதை" என்பீர்கள்.

மகளுக்கு முழுவதையும் சொன்னேன்.

"அப்ப அதாலதானோ ரெய்னர்ஸ் லேன் மாமி உங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பில தேத்தண்ணி தாறவ?" என்று கேட்டாள்.

"பேச்சை வாசிச்சு முடிச்சிட்டு, மைக்கில கேள்" என்றேன்.

ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் உங்கள் அக்காவையும் முன்வரிசையில் இருத்துங்கள்.

இப்படிக்கு,
படலைக்கு வெளியே நின்றவர்களின் பிள்ளை